காசு வெட்டிப் போடச் சொன்ன மகனுக்கு

சாஸ்தா துணை

கரிசல்குளம்,
கோவில்பட்டி வழி,
4-3-1979, ஞாயிறு.

அன்பு மகன் சங்கிலிப்பாண்டிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கப்பாவும் தங்கச்சி சீனித்தாயும் பசுவும் கன்றும் சாஸ்தா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி வந்தால்தான் எங்கள் சுகம் முழுச் சுகம். எப்போதும் போல நான் சொல்லச் சொல்ல சீனிதான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் அழகாக இருக்காது என்று பள்ளிக்கூடத்துத் தமிழில் மாற்றி மாற்றி எழுதுகிறாள், மாற்றினாலும் சொல்வது நான்தான் என்று தெரிந்துகொள். இன்லண்டு லெட்டரில் அடங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அவள் நோட்டின் நடுத்தாள்களாகப் பார்த்துக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஐப்பசியில் ஏமாற்றிய மழை கார்த்திகையில் நின்று பெய்ததால் இந்த வருஷம் வெள்ளாமைக்குக் குறைவில்லை. கீழப்புஞ்சையில் பருத்தி இரண்டாம் எடுப்பு நடக்கிறது, மிளகாய் முதல் பறிப்பு முடிந்து களத்தில் காய்கிறது, வீடு முழுக்க நெடிதான், தும்மிக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன். போன பங்குனியில் பிறந்த கன்றுக்குட்டி இப்போது கயிற்றோடு என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சீனி ஒன்பதாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் முதல் மார்க்கு, ஆனால் பருத்தி எடுக்கக் கூப்பிட்டால் மடியில் பருத்திக்குப் பதிலாகப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வருகிறாள், இதை எழுதமாட்டேன் என்று அடம்பிடித்தாள், எழுது என்று சொல்லியிருக்கிறேன். நீ காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடாதே, இரண்டு வாழைப்பழமாவது தின்றுவிட்டுப் போ, குடல் காய்ந்தால் பிறகு எந்த வைத்தியனும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் புதன்கிழமை மத்தியானம் வந்தது. சீனி சத்தமாக வாசித்தாள், உங்கப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் கம்பெனியில் தற்காலிகமாக இருக்கிறவர்களில் ஒருத்தரைத்தான் சித்திரைக்குள் நிரந்தரம் ஆக்குவார்கள், நீயும் அந்த ரத்னகிரிக்காரனும்தான் மிச்சம், அவன் சூப்பர்வைசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்காத குறையாகப் பின்னாலேயே திரிகிறான், அதனால் அவனுக்கு அந்த இடம் கிடைக்காதபடி ஓடைக்கரைக் கருப்பசாமிக்குக் காசு வெட்டிப் போடு, போன வருஷம் நீ வெட்டியது பதினைந்தே நாளில் பலித்ததே என்று எழுதியிருந்தாய். பாண்டி, நான் வெட்டமாட்டேன். கோபித்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, ஏன் மாட்டேன் என்று முழுக்கக் கேள். போன வருஷம் நடந்ததை உனக்கு அரைகுறையாகத்தான் எழுதினேன், அந்த அரைகுறைதான் உன்னை இப்படிக் கேட்க வைத்திருக்கிறது.

போன பங்குனி உத்திரத்துக்கு உங்கப்பா மட்டும் எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டி இருக்கிற நம் சாஸ்தா கோயிலுக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். பசு அன்றோ மறுநாளோ ஈனும் என்பதால் நான் போகவில்லை. உத்திரம் முடிந்து இரண்டு நாள் கழித்துக் களத்தில் மூடைகளை எண்ணுகிறேன், மிளகாய் வத்தல் மூடை ஒன்று குறைகிறது. காவல் இருந்தது நான், கன்று போட்ட அன்றைக்கு மட்டும்தான் களத்தை விட்டு நகர்ந்தேன், அப்போது பக்கத்துக் களத்தில் இருந்தது மாடத்தி ஒருத்திதான். போதாததற்கு அவளுக்கும் எனக்கும் அதற்கு முந்தின மாதம்தான் இரண்டு புஞ்சைக்கும் நடுவில் இருக்கிற பொழி வரப்பில் தகராறு, அவள் கால்நடை நம் பக்கம் வந்து பருத்தியைத் தின்றுவிட்டது என்று நான் பேசிய பேச்சு உனக்குத் தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து ஈரச் சேலையோடு கருப்பசாமி முன்னால் போய் நின்றேன். அந்தக் காலத்துச் செம்புக் காசை வெட்ட நாலு வெட்டுப் போட வேண்டுமாம், இப்போது வருகிற அலுமினியப் பத்துப் பைசா பலிபீடக் கல்லில் வைத்து அரிவாளை இறக்கினதும் ஒரே வெட்டில் இரண்டாகிவிட்டது. எடுத்தவர் கை விளங்காமல் போக வேண்டும் என்று சொன்னேன். பேரைச் சொல்லவில்லை, ஆனால் வாய்தான் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பதினைந்தாம் நாள் ஓடையில் இறங்கும்போது மாடு மிரண்டு வண்டி சாய்ந்து மாடத்தி கீழே விழுந்து வலது கை மணிக்கட்டில் ஒடிந்தது. கை என்றதும் ஊர் முழுக்க என்னைத்தான் பார்த்தது. குழாயடியில் எனக்கு வழி விட்டார்கள், கடைக்காரர் மந்திரவாதிக்குக் கொடுக்கிற மாதிரிப் பயந்து பயந்து சாமான் கட்டிக் கொடுத்தார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது பாண்டி, பொய் சொல்ல மாட்டேன். சாமி என் பேச்சைக் கேட்கிறது என்று உனக்கும் கடிதம் போட்டேன். மாடத்தி மூங்கில் பத்தை வைத்துக் கட்டி மூன்று மாதம் கிடந்தாள், அந்தச் சித்திரையில் அவள் புஞ்சைப் பருத்தி எடுக்க ஆள் இல்லாமல் வெடித்துக் காற்றில் பறந்தது, நம் வேலியில் எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருஷமாக அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

புதன்கிழமை சீனி உன் கடிதத்தில் அந்த இடத்தை வாசித்ததும் உங்கப்பா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "ஏட்டி, காசு கீசு ஒண்ணும் வெட்ட வேண்டாம். போன வருசம் அந்த மூடைய எடுத்தது நாந்தான்" என்றார். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. நீ பம்பாய்க்குப் போன மாதமே சாஸ்தாவிடம் மனசுக்குள் ஒரு நேர்த்தி வைத்தாராம். உனக்கு அங்கே வேலை நிலைக்க வேண்டும், அதற்கு உத்திரத்துச் சமையலுக்கு ஒரு மூடை வத்தல் தருகிறேன், வேலை நிலைக்கிறவரை யாரிடமும் வாய் விடமாட்டேன் என்று. வாயை விட்டுவிட்டால் நேர்த்தி பலிக்காது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டார். நான் பசுவோடு இருந்த அன்றைக்கு மூடையைத் தூக்கி பஸ்ஸில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். நான் காசு வெட்டியது அவருக்குப் பிறகுதான் தெரியும், தெரிந்தபோது மாடத்தி கையில் பத்தை கட்டியிருந்தது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் ஒரு வருஷம் இருந்திருக்கிறார். உன் வேலைக்காகச் சாமிக்குப் போன மூடைக்கு நான் சாமியிடம் போய்க் களவுக் காசு வெட்டியிருக்கிறேன். யார் கை விளங்கக்கூடாது என்று கேட்டேனோ அந்தக் கைதான் எனக்குத் தாலி கட்டிய கை.

அண்ணா, இது சீனி. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் அவள் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா அதைச் சொன்னதும் அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அப்பாவுடைய வலது கையை எடுத்து விரல் விரலாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு களத்துக்குப் போய் மிளகாயைக் கிளறிவிட்டாள், கிளறியதையே மறுபடியும் கிளறினாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் உனக்குப் போன கடிதத்தில் கருப்பசாமி கண் திறந்து கள்ளக் கையை முறித்தார் என்று இருந்ததே, அது அம்மா சொன்னது இல்லை. பலிச்சிட்டுன்னு எழுதுட்டி என்று மட்டும்தான் சொன்னாள். மற்றதை நான்தான் சேர்த்தேன், அப்போதுதான் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தேன், எதை எழுதினாலும் நன்றாக எழுத வேண்டும் என்று இருந்தது. மாடத்தி அத்தையைக் கள்ளி என்று எழுதியது என் கைதான். அதை நினைத்தால் எனக்கு எழுதவே கூசுகிறது. வியாழக்கிழமை அம்மாவிடம் ஒன்று கேட்டேன். எடுத்தவர் கைக்குத்தானே காசு வெட்டினாய், எடுத்தது அப்பா, ஒடிந்தது அத்தை கை, அப்படியானால் சாமி ஒடிக்கவில்லை, மாடு மிரண்டு ஒடிந்ததுதானே, நீ எதற்கு வெட்டிய காசை மீட்கப் போக வேண்டும் என்று. அம்மா சேலையைத் திருத்திக் கட்டிக்கொண்டே, "கைய ஒடிச்சது மாடுதாம்ட்டி. ஊர்க் கண்ண அவ பக்கம் திருப்பிவிட்டது யாரு?" என்று கேட்டாள். அம்மா வருகிறாள்.

இவள் என்ன எழுதினாள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள், இருக்கட்டும். வியாழக்கிழமை காலையில் பூசாரி மந்திரமூர்த்தியிடம் போய் வெட்டிய காசை மீட்க வழி உண்டா என்று கேட்டேன். அதே மாதிரிக் காசு ஒன்றை முழுசாக வைத்து, யாரை நினைத்து வெட்டினோமோ அவர்கள் பேரைச் சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்லி, அவர்கள் கையாலேயே திருநீறு வாங்கிப் பூச வேண்டுமாம். அவர்கள் வரமாட்டேன் என்றால் என்று கேட்டேன். வரமாட்டேன் என்றால் மீளாது தாயி என்றார். பேர் சொல்லாமல் வெட்டுவது எவ்வளவு லேசு என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்து நேராக மாடத்தி புஞ்சைக்குப் போனேன், வழியில் மூன்று தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன், சீனி பின்னால் வந்ததால் திரும்ப முடியவில்லை.

மாடத்தி இடது கையால் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை மணிக்கட்டு பாதிதான் திரும்புகிறது, சுளையைப் பிடித்துத் திருகி இழுக்க அது போதாது. நான் பொழியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன், மூடை, உங்கப்பா, காசு, நான் நினைத்த பேர். அவள் நிமிரவே இல்லை. ஒரு செடி முடித்து அடுத்த செடிக்குப் போனாள். பிறகு, "நீங்க வெட்டுனது எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி. கை ஒடிஞ்சி கெடக்கேன், பாக்க வந்த சனமெல்லாம் என் மூஞ்சியப் பாக்காம கையையே பாத்துச்சு. ஒருவேள நாந்தான் எடுத்தேனோன்னு எனக்கே தோணிட்டு. வீட்டுக்குள்ள போயி தானியக் குலுக்கைக்குப் பின்னால எல்லாம் தேடிப் பாத்தேன்" என்றாள். பாண்டி, எடுக்காத பொருளைத் தன் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி தேட வேண்டி வந்தது என்னால்தானே. கோயிலுக்கு வா என்று கேட்டேன். பருத்தி கிடக்கிறது, அதை யார் எடுப்பார்கள் என்றாள். நான் மடியைக் கட்டிக்கொண்டு அடுத்த நிரையில் இறங்கினேன், சீனியும் இறங்கினாள், அன்றைக்கு மட்டும் அவள் மடியில் புத்தகம் இல்லை. பொழுது சாய்கிறவரை மூன்று பேரும் எடுத்தோம். மத்தியானத்துக்குப் பிறகுதான் அவள் வாய் பழையபடி ஆனது. பத்துப் பைசாவுக்கே என் கை போய்விட்டது, நாலணா வெட்டியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் மதினி என்றாள். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை, அவள்தான் முதலில் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் மூவரும் அவளுமாக ஓடைக்கரைக்குப் போனோம். நான் முழுக்காசை வைத்து மாடத்தி என்று பேரைச் சொன்னேன், மூன்று தடவை சொல்ல வேண்டுமாம், மூன்றாவது தடவை அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் தட்டிலிருந்து திருநீறு எடுத்தாள், அந்தக் கை சரியாகத் திரும்பாததால் பாதி என் நெற்றியிலும் பாதி மூக்கிலும் விழுந்தது, நான் துடைக்கவில்லை. இந்த ஒரு வருஷம் நீ இந்தச் சாமியிடம் என்ன கேட்டாய், என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ, கேட்டுவிட்டேன். "மொதல்ல ஒங்க வீடு நாசமாப் போகணும்னு கேக்கத்தான் வந்தேன். வந்து நின்னா வாய் வரல. ஒடிஞ்ச கைய வச்சிக்கிட்டு இன்னொரு கை ஒடியணும்னு எப்படிக் கேக்க? எடுத்தவன் எவனா இருந்தாலும் அவன் கைக்கு ஒண்ணும் வந்திரக் கூடாது சாமி, இந்த வலி ஒருத்திக்குப் போதும்னு சொல்லிட்டுப் போனேன். பெறகு வெள்ளிக்கு வெள்ளி அதான்" என்றாள். உங்கப்பா கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். நான் கட்டியவரைக் கெடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவள் அவரைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் நின்றது ஒரே கல்லுக்கு முன்னால். யார் பேச்சைச் சாமி கேட்டது என்று நான் இப்போது யோசிப்பதில்லை. நான் நின்றபோது அங்கே நானும் சாமியும் மட்டும் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே இன்னொருத்தியும் கை கூப்பி நிற்கிறாள் என்பதை மறந்துவிட்டேன்.

அதனால்தான் உன் கடிதத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். அந்தப் பையனுக்கு அப்பா இல்லை, ஊரில் அம்மாவும் இரண்டு தங்கச்சிகளும் என்று நீயே ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். அவன் அம்மாவும் கடலோரத்தில் ஏதோ ஒரு கோயில் வாசலில் இதே வேலைக்காகத்தானே நிற்பாள். அவர்கள் பக்கம் காசு வெட்டுகிற வழக்கம் உண்டோ இல்லையோ, இருந்து அவள் உன் கைக்கும் காலுக்கும் வெட்டிப் போட்டாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். அவன் சூப்பர்வைசர் பின்னால் திரிகிறான் என்றால் அது அவன் பாடு, நீ உன் வேலையைச் சுத்தமாகச் செய். கஷ்டத்தைச் சாமியிடம் சொல், பயத்தைச் சொல், வேண்டியதைக் கேள், கேட்கிறதில் தப்பு இல்லை. இன்னொருத்தன் சோற்றைத் தட்டிவிடு என்று மட்டும் கேட்காதே. அப்படிக் கேட்டுக் கிடைத்தால் அந்தச் சோறு உனக்கு இறங்காது, எனக்கு ஒரு வருஷம் இறங்கிய மாதிரி இருந்தது, இப்போதுதான் எல்லாம் நெஞ்சில் நிற்கிறது.

இன்னொரு விஷயம். வாய் விட்டதால் நேர்த்தி கெட்டுவிட்டது, மகனுக்கு வேலை கிடைக்காமல் போனால் அது என்னால்தான் என்று உங்கப்பா புதன்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒருத்தி பேர் கெட்டுக் கிடக்கும்போது நீ வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் உன் மகனுக்கு வேலை தருவேன் என்று சொல்கிற சாமி நம் சாஸ்தா இல்லை, அப்படிச் சொல்கிற சாமி இருந்தால் அது நமக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அது வேறு. ஆகையால் அங்கே முடிவு எப்படி ஆனாலும் உடனே அப்பா பேருக்கு ஒரு கடிதம் போடு, கிடைக்காவிட்டாலும் உங்களால் இல்லை என்று உன் கையால் எழுது, அவர் சீனியை வாசிக்கச் சொல்லிப் பத்துத் தடவை கேட்பார்.

வருகிற பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம், மாடத்தியும் வருகிறாள். ஒரு மூடை வத்தல் இந்தத் தடவையும் கொண்டுபோகிறோம், ஊரறிய வண்டியில் ஏற்றி, எதற்கும் ஈடாக இல்லாமல், வெள்ளாமை விளைந்ததற்காக. அங்கே நின்று முதலில் உனக்குத்தான் கேட்பேன், பெற்றவளுக்கு அது வரும், அதில் எனக்கு வெட்கம் இல்லை. என் மகனுக்கு அந்த இடம் கிடைக்கட்டும், கிடைத்தால் அந்தப் பையனுக்கு அதைவிட நல்ல இடம் சீக்கிரம் கிடைக்கட்டும், அவனுக்கே கிடைத்தால் என் மகன் மனசு கசந்து போகாமல் இருக்கட்டும். இவ்வளவுதான் கேட்கப் போகிறேன். கூட நின்று அவன் அம்மா கேட்டாலும் முகம் சுளிக்க முடியாதபடி கேட்க வேண்டும் என்று பார்க்கிறேன்.

நீ நாலு பக்கத்திலும் அவன், ரத்னகிரிக்காரன் என்றே எழுதியிருக்கிறாய், பேர் ஓரிடத்திலும் இல்லை. பூசாரியிடம் சொல்ல எனக்குப் பேர் வேண்டும். அவன் நட்சத்திரமும் அவன் அம்மா பேரும்கூட வேண்டும், உத்திரத்துக்கு முன்னால் வந்து சேரும்படி எழுது. எண்ணெய் தேய்த்துக் குளி, சனிக்கிழமையை மறக்காதே. நீ நடக்கிற வழியில் முள் இல்லாமல் இருக்கட்டும், உன்கூட நடக்கிறவர்களுக்கும் இல்லாமல் இருக்கட்டும் என்று உங்கப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா
ஆறுமுகத்தாய்

(எழுதியது சீனித்தாய், ஒன்பதாம் வகுப்பு. அண்ணா, பேர் உனக்குத் தெரிந்திருக்கும், நட்சத்திரத்தையும் அம்மா பேரையும் நீ அவரிடம் போய்க் கேட்டால்தான் தெரியும். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்ல என்று அம்மாவிடம் கேட்டேன். எங்கம்மா கேக்கான்னு சொல்லச் சொல்லு என்கிறாள்.)